ஏழரை எண்ணிக்கை

கண்ணாடிப் பெட்டியை வாசல்வரை தூக்கி வந்துவிட்ட ஆட்கள் உள்ளே நுழைய வழியில்லாமல் நின்றார்கள். முன்னறையை அடைத்துக்கொண்டு பெலிக்ஸின் டிரம் செட் இருந்தது. அதைச் சுற்றிலும் மைக் தாங்கிகள், தரையெல்லாம் கறுப்பு வயர்கள். சித்தப்பா பாஸ்கல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தாங்கியின் திருகைக் கழற்றத் தொடங்கியிருந்தார். அடுப்படியிலிருந்து வந்த பெலிக்ஸின் தங்கை ஷைனி அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

"அத விடுங்க சித்தப்பா."

"பெட்டி உள்ள வரணும்லம்மா."

"வரட்டும். இது இங்கனதான் இருக்கும்."

சித்தப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நேற்று மதியத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மனிதர் அவர். கண்கள் சிவந்திருந்தன. இழவு வீட்டில் பெண்பிள்ளையோடு என்ன வழக்கு என்று நினைத்தவர்போல அண்ணனைத் தேடினார். அண்ணன் மிக்கேல்ராஜ் வாசல் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராமத்துப் பள்ளியில் தலைமையாசிரியர். ஒரு அதட்டலில் முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவர். மகன் செத்த செய்தி கேட்டதிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வொரு தாங்கியின் உயரமும் சாய்வும் பெலிக்ஸின் கைக்கும் காலுக்கும் அளவெடுத்து வைத்தவை. ஒருமுறை கழற்றினால் அந்த அளவு போய்விடும், மறுபடி எடுக்க ஆள் இல்லை. அதைச் சித்தப்பாவுக்கு விளக்க ஷைனிக்குத் தெம்பு இல்லை. இசைக்குழுத் தோழி ஷாஹினாவைக் கூப்பிட்டாள். இருவருமாக சோபாவையும் டிவி மேசையையும் இழுத்துத் தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்புறம் பீரோவை நகர்த்தினார்கள். பெட்டி உள்ளே வந்தது. டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே, அவற்றை ஒட்டி, பெலிக்ஸைக் கிடத்தினார்கள்.

அன்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்து, சிம்பல் தட்டுகளுக்கு அடியில் நுழைந்துதான் அவனைப் பார்க்க வேண்டியிருந்தது. யாரோ ஒரு பெரியம்மாவின் தோள் பட்டு ஒரு தட்டு மெல்ல அதிர்ந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். அதிர்வு அடங்கும்வரை யாரும் அடுத்த வரியைத் தொடவில்லை.

பெலிக்ஸ் இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் செய்துவந்தான். மேட்டுப்பட்டியில் அவன் தண்ணீர் ஊற்றாத பேட்டரி குறைவு. மாலையானால் டிரம்ஸ். கூட மூன்று பேர். தங்கை ஷைனி பாடுவாள். பகலில் தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர், சாயங்காலம் அடித்தொண்டையிலிருந்து உறுமல். முதல் தடவை அதைக் கேட்டபோது அம்மா ஜெயமேரி சுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். பேகம்பூர் ஷாஹினா பேஸ் கிதார் வாசிப்பாள், பாட்டுகளைப் பதிவுசெய்வதும் அவள்தான். ஒட்டன்சத்திரத்தில் அப்பாவோடு காய்கறி மண்டி பார்க்கிற பழனிக்குமார் கிதார். இசைக்குழுவுக்கு நட்டுவாக்காலி என்று பெயர் வைத்தது பெலிக்ஸ். தேளைவிடப் பெரிய அந்தப் பூச்சியின் படத்தைக் கறுப்பு பனியனில் அச்சடித்து நான்கு பேரும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சித்தப்பா அதைப் பேய்ப் படம் என்பார்.

அவர்களுடைய இசை மெட்டல் வகை. அதிலும் நேராகப் போகாதது. நாலு நாலாகத் தாளம் தட்டிப் பழகிய யாருக்கும் பிடிபடாது. ஏழாகப் போகும், பதினொன்றாகத் திரும்பும். முதல் ஆல்பத்துக்கு ஐந்து பாட்டுகள். நான்கு முடிந்துவிட்டன. ஐந்தாவதற்கு 'ஏழரை' என்று பெயர். ஏழு எண்ணி, எட்டாவதின் பாதியிலேயே சுற்றின் தொடக்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அந்தப் பேரைக் கேட்டதும், ஏழரையை யாராவது வலிய வீட்டுக்குக் கூப்பிடுவார்களா என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சனி புடிக்கட்டும், நாம அதப் புடிச்சு ஆட வைப்போம் என்று பெலிக்ஸ் சிரித்தான்.

அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் பதிவுசெய்யும்போதுதான் அவன் செத்தான். சனிக்கிழமை, ஷைனிக்குப் பள்ளி இருந்தது. பழனிக்குமார் எதிரே உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டி வழிகாட்டக் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். ஷாஹினா பக்கத்து அறையில் லேப்டாப்போடு இருந்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். பாட்டின் நடுவில் டிரம்ஸ் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஒன்றும் மிச்சமில்லை. இருதயத் தசை பிறவியிலேயே தடித்திருந்திருக்கிறது, படியேறும்போதும் வந்திருக்கலாம், தூங்கும்போதும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது போதவில்லை. அந்தப் பேயடி அடிச்சா நெஞ்சு தாங்குமா என்று ஒருவர் ஆரம்பிக்க, மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். காபித் தம்ளர்களோடு வந்த ஷைனி எல்லாவற்றையும் கேட்டாள். தட்டை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு, அந்தப் பாட்டு முடிஞ்சதும் உங்களுக்கும் அனுப்புறேன், கேளுங்க என்று மட்டும் சொன்னாள்.

உடலுக்குக் கோட்டு மாட்ட வேண்டும் என்று சித்தப்பா புதிதாக வாங்கி வந்திருந்தார். அதை அவள் மறுக்கவில்லை. கோட்டுக்கு உள்ளே மட்டும் வெள்ளைச் சட்டைக்குப் பதில் கறுப்பு பனியன் இருக்கட்டும் என்றாள். பொத்தானைப் போட்டால் வெளியே தெரியாது என்று அம்மா சொன்ன பிறகு சித்தப்பா சரி என்றார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அம்மா குனிந்து கோட்டின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றிவிட்டாள். நட்டுவாக்காலியின் கொடுக்கு வெளியே தெரிந்தது. அப்படியே பெட்டியை மூடினார்கள்.

பழனிக்குமார் வந்திருந்தான், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனையில் மண்டி வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கல்லறையில் எல்லோரும் மண் போட்ட பிறகு கடைசியாக வந்து ஒரு கைப்பிடி போட்டான். ஷைனி அவனிடம் போனபோது அவளைப் பார்க்காமலேயே, இனிமேல் கிதாரைத் தொடப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்புறம் போனை எடுக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு நடந்தது. டிரம்ஸ் அப்படியே நின்றது. அம்மா தினமும் அதைத் துடைத்துவந்தாள். கை கழுவிவிட்டு வந்த சித்தப்பா, கோயில் பாடகர் குழுவுக்கு ஒரு டிரம் செட் இல்லாமல் சிரமப்படுகிறார்கள், ஆண்டவர் சந்நிதியில் ஒலித்தால் பெலிக்ஸ் ஆத்துமாவுக்கும் நல்லது என்று பேச்சை எடுத்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெலிக்ஸைத் தோளில் தூக்கி வளர்த்தவர். ஆனால் அதோடு நிறுத்தாமல், இனிமேல் இந்த வீட்டில் அந்தச் சத்தம் வேண்டாம், ஷைனிக்கும் வயதாகிறது, உறுமுகிற பெண்ணை யார் கட்டுவான் என்றும் சொன்னார்.

ஷைனி இலை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆல்பம் வெளிய வரும் சித்தப்பா. அண்ணன் பேரோட வரும். நான் உறுமித்தான் வரும்."

"டிரம்ஸ் அடிக்க ஆளு?"

ஷைனி இலைகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஷாஹினாவுக்கும் அவளுக்கும் பத்து நாட்களாக அதில்தான் சண்டை. சென்னையில் தெரிந்த டிரம்மர் ஒருவர், மிச்சத்தை நான் வாசித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நல்ல மனிதர், பெலிக்ஸை மதித்தவர். வாங்கிக்கொள்ளலாம் என்றாள் ஷாஹினா. ஷைனி மாட்டேன் என்றாள். அப்படியானால் பாதிப் பாட்டை என்ன செய்வது என்று ஷாஹினா கேட்டதற்கு ஷைனி கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். உண்மையில் அவள் அந்தப் பதிவை இன்னும் கேட்டிருக்கவில்லை. கேட்டால் அவன் செத்துப்போனது உறுதியாகிவிடும் என்பதுபோல ஒரு பயம்.

மறுநாள் சாயங்காலம் அம்மா ஷாஹினாவை வரச்சொல்லிப் போன் செய்தாள். லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னாள்.

"எம்புள்ள கடைசியா அடிச்சத நான் கேக்கணும்."

வேண்டாம் அத்தை என்று ஷாஹினா தயங்கினாள். அம்மா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஷைனியும் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. அப்பா வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

பாட்டு தொடங்கியது. பெலிக்ஸின் கைகள் அறைக்குள் வந்தன. இரண்டு கால்களும் ஓடுகிற ஓட்டம், அதற்கு மேலே சிம்பலில் ஒரு குறும்பு, ஏழரையின் பாதியில் ஒவ்வொரு முறையும் சட்டென்று திரும்புகிற அந்த லாவகம். ஷைனி தன் முழங்காலில் எண்ணிக்கொண்டே இருந்தாள். நடுவில், ஒரு சுற்றின் நான்காவது எண்ணில், டிரம்ஸ் நின்றது. குச்சி ஒன்று தரையில் உருளும் சத்தம். கிதார் நிற்கவில்லை. தனியாக, கொஞ்சமும் பிசகாமல், சுற்று முடிந்து அடுத்த சுற்று, அடுத்த சுற்று. அதற்குமேல் ஓடிவரும் காலடி. அம்மாவின் குரல், ஏலே பெலிக்ஸு என்று. அப்புறம் எல்லாம் நின்றது.

ஷாஹினா லேப்டாப்பை மூடினாள். வாசலில் செய்தித்தாள் சரசரக்கவில்லை.

"எத்தன நாளு எப்படா நிறுத்துவான்னு இருந்துருக்கேன்" என்றாள் அம்மா. "அன்னிக்கு நின்னவொடன எனக்குத் தெரிஞ்சிருச்சு. ஓடியாந்தேன். இவன் செவுத்துல சாஞ்சு கெடக்கான். அந்தப் பய கண்ண மூடிக்கிட்டு வாசிச்சுக்கிட்டிருக்கான்."

ஷைனிக்கு அப்போதுதான் விளங்கியது, பழனிக்குமார் ஏன் வீட்டுக்குள் வரவில்லை என்று. அம்மா தன்னைப் பார்த்ததை அவனும் பார்த்திருக்கிறான்.

ஆனால் அவன் ஏன் நிறுத்தாமல் வாசித்தான் என்றும் அவளுக்குத் தெரியும். பயிற்சியின்போது பெலிக்ஸுக்கு ஒரு விளையாட்டு உண்டு. எதிர்பாராத இடத்தில் சட்டென்று அடிப்பதை நிறுத்திவிடுவான். மற்ற மூன்று பேரும் எண்ணிக்கை தப்பாமல் போகிறார்களா என்று சிரித்துக்கொண்டே பார்ப்பான். இரண்டு சுற்று, மூன்று சுற்று கழித்து, அந்தப் பாதியில் கச்சிதமாக உள்ளே குதிப்பான். தப்பவிட்டவர் எல்லோருக்கும் புரோட்டா வாங்கித் தர வேண்டும். பழனிக்குமார் விளையாட்டு என்று நினைத்திருக்கிறான். கண்ணை மூடி, தப்பவிடாமல், பெலிக்ஸ் குதிக்கப்போகிற இடத்துக்காகக் காத்திருந்திருக்கிறான்.

அதை அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, நீங்களும் அப்படியே போங்களேன் என்றாள். சாதாரணமாக, சந்தைக்குப் போகிறவர்களிடம் சொல்வதுபோல.

"டிரம்ஸ் இல்லாமயா?" என்றாள் ஷாஹினா.

"அவன் நின்னா நிக்கட்டும். நீங்க ஏன் நிக்கணும்? அதத்தான பழக்கிக் குடுத்துருக்கான்." எழுந்து முந்தானையை அவிழ்த்து விட்டுக்கொண்டாள். "என் சத்தத்த மட்டும் எடுத்துருங்க. அது எம்புள்ளையக் கூப்புட்டது. ஊருக்குப் போட்டுக் காட்ட வேணாம்."

ஆல்பத்தை இணையத்தில் வெளியிட உதவுவதாகச் சொல்லியிருந்த ஒரு சென்னைக்காரர் பின்னால் இதைக் கேள்விப்பட்டு, அந்தத் தாயின் அழைப்புதான் முக்கியம், அது இருந்தால் எங்கேயோ போய்விடும் என்று எழுதினார். ஷைனி அவருக்குப் பதில் போடவில்லை. தாங்களே வெளியிட்டுக்கொள்வதாக முடிவுசெய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒட்டன்சத்திரத்துக்குப் பேருந்து ஏற அவள் கிளம்பியபோது, அப்பா ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினார். வழியெல்லாம் அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. வெயில் சாலையில் உருகிக்கொண்டிருந்தது.

மண்டியில் கேரளத்துக்குப் போகும் லாரிக்கு முருங்கைக்காய்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பழனிக்குமார் தோளில் துண்டோடு எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"ஏனுங்க சார், நீங்க எதுக்குங்க இத்தன தூரம்? சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்க."

வந்திருக்க மாட்டான் என்று மூன்று பேருக்கும் தெரியும். கடைக்குப் பின்னால் தக்காளிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தான். ஷைனி விஷயத்தைச் சொன்னாள். முழுதும் கேட்டுவிட்டு, முடியாது என்றான்.

"அவன் அங்க உசுரு போயிக் கெடக்கறான். நானு தலைய ஆட்டி வாசிச்சிட்டு இருக்கறேன். அம்மா வந்து என்னையப் பாத்தாங்க ஷைனி. அந்தப் பார்வ எனக்குத் தூங்கினாலும் வருது."

"அம்மாதான் உன்னைய அங்கருந்தே வாசிக்கச் சொன்னாங்க."

அவன் நம்பவில்லை. அவளைத் தாண்டி அப்பாவைப் பார்த்தான். அப்பா கீழே கிடந்த ஒரு முருங்கைக்காயை எடுத்துக் கட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"நானும் கேட்டேன் தம்பி" என்றார். "வாசல்ல உக்காந்து. எங்கயும் தப்பல நீ."

பழனிக்குமார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டான். லாரிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தும் எடுக்கவில்லை. கடைசியில் எழுந்துபோய்ப் பாதியில் விட்ட எண்ணிக்கையை வேறொருவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான்.

மிச்சப் பதிவை ஷாஹினா வீட்டு மாடியில் வைத்துக்கொண்டார்கள். வீட்டில் சித்தப்பாவோடு தினம் ஒரு வழக்கு வேண்டாம் என்று அம்மாவே சொன்னாள். சித்தப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததும் வந்து கத்தினார். செத்தவனை வைத்துக் கச்சேரியா என்றார். ஷைனி அவரிடம், அண்ணனுக்குக் கல்லறையில் பேர் வெட்டுவது உங்கள் வேலை, இது என் வேலை, நான் ஒன்றும் உங்களைத் தடுக்கவில்லையே என்றாள். அன்றைக்குப் போனவர் இரண்டு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டாள், ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை.

பேகம்பூரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மதிய லுஹர் தொழுகை முடிந்து, சாயங்கால அசர் பாங்கு சொல்வதற்குள் பதிவை முடித்தாக வேண்டும். ஷாஹினா இரண்டு பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்துவிட்டு வந்தாள். மின்விசிறியை நிறுத்தினார்கள். ஜன்னல்களில் பாயையும் போர்வையையும் தொங்கவிட்டார்கள். அறை வெந்தது.

எளிதில் வரவில்லை. பெலிக்ஸ் நிற்கிற இடம்வரை சரியாக வந்து, அதற்கு அடுத்த சுற்றில் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். பழனிக்குமார் பாதியில் திரும்ப மறந்தான். ஷாஹினா ஒருமுறை ஏழரையை எட்டாக்கிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரும்பத் திரும்பத் தொடங்கினார்கள். அன்று முடியவில்லை. அடுத்த வாரம் வந்தும் முடியவில்லை. எண்ணிக்கைக்குக் கணினியிலேயே ஒரு டிக் டிக் போட்டுக்கொண்டு வாசிக்கலாமே, பின்னால் அழித்துவிடலாம் என்று ஷாஹினா சொன்னபோது பழனிக்குமாரே வேண்டாம் என்றுவிட்டான்.

மூன்றாவது வாரம் ஷைனி தன் இடத்தை மாற்றிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தவள் அவர்கள் இருவருக்கும் நேர் எதிரே வந்து நின்றாள். கண்ணை மூட வேண்டாம் என்றாள். பெலிக்ஸின் டிரம்ஸ் ஹெட்போனில் ஓடி வந்தது. நான்காவது எண்ணில் நின்றது. குச்சி உருண்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

சொற்கள் இருந்த இடம் அது. ஷைனி எழுதி வைத்திருந்த வரிகளைப் பாடவில்லை. வயிற்றின் அடியிலிருந்து உறுமலை இழுத்தாள். அழுகையை வேறு எதுவாகவும் மாற்றத் தெரியாமல் இருந்த இத்தனை நாட்களின் ஆத்திரமும் அதில் ஏறி வந்தது. பந்தலில் ஆமாம் போட்டவர்கள்மேல், தடித்த அந்தத் தசைமேல், சொல்லாமல் கொள்ளாமல் போனவன்மேல். குரல் ஓரிடத்தில் கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை, கிழிந்ததையும் வைத்துக்கொண்டு பாடினாள். டிரம்ஸ் இருக்க வேண்டிய இடம் திறந்தே கிடந்தது. அதைச் சுற்றி கிதாரும் பேஸும் ஒரு பாதியையும் தப்பவிடாமல் போய்க்கொண்டிருந்தன, சுற்றுக்குமேல் சுற்றாக, பாட்டில் அவன் வாசித்திருக்க வேண்டிய கடைசிச் சுற்றுவரைக்கும். அதன் பாதியில் திரும்பி, மூன்று பேரும் முடித்தார்கள்.

கடைசி அதிர்வு அடங்கும்வரை யாரும் அசையவில்லை. ஷாஹினா கையை நீட்டிப் பதிவை நிறுத்தினாள். பழனிக்குமார் கிதாரை மடியில் படுக்க வைத்துக்கொண்டு அதன் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தான். மூன்று பேரின் சட்டையும் வியர்வையில் ஒட்டியிருந்தது.

மொட்டைமாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் கேட்டது.

"ஷாஹினா, முடிஞ்சிருச்சாம்மா? அரிசி ஊறி அம்புட்டு நேரமாச்சு. கிரைண்டர் போடவா?"

ஷாஹினா ஷைனியைப் பார்த்தாள். ஷைனி போய் ஜன்னலில் தொங்கிய பாயை விலக்கினாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"போடுங்கம்மா" என்றாள். கிழிந்த குரலில் அது சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கிரைண்டர் ஓடத் தொடங்கியது.